சகலையின் நாற்பத்தொரு தயக்கங்கள்

என் சகலையை எனக்குப் பிடிக்காது. இது ஒன்றும் ரகசியமில்லை, அவருக்கே தெரியும். என் மனைவியும் அவர் மனைவியும் கூடப்பிறந்தவர்கள் என்ற ஒரே பாவத்துக்காகப் பத்தொன்பது வருடமாக அவரோடு ஒரே மேஜையில் சாப்பிட்டு, அவர் போடும் அறுவைக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. கடைக்குப் பின்னால் ஓர் இருட்டறை. அதில் ஒரு நாற்காலி, சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துகள், மரப்பெட்டி நிறைய வட்ட வட்டச் சில்லுகள். வந்தவர் மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டிவிட்டு, சில்லு சில்லாகப் போட்டு எடுத்து, "இப்ப நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்பார். நாள் முழுக்க இதே கேள்வி. வீட்டுக்கு வந்தாலும் விடுவதில்லை. சட்டை எடுத்தால், சுவருக்கு வண்ணம் அடித்தால், தலைமுடியை இந்தப் பக்கம் வாரினால், என் கொழுந்தியாளை முன்னால் நிறுத்தி, "இது நல்லாயிருக்கா, அது நல்லாயிருக்கா?" கல்யாணமான புதிதில் அவளும் பாவம், யோசித்துப் பதில் சொன்னாள். இப்போது எதைக் கேட்டாலும் "பரவாயில்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாள்.

ஆள் சாது. கைக்குட்டையை நாலாக மடித்துத்தான் பையில் வைப்பார். பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்தால் இவர் மன்னிப்புக் கேட்பார். பரிமாறும்போது போதும் என்று சொல்லக்கூட நாலு தடவை தொண்டையைச் செருமுவார். இப்படிப்பட்ட ஆள் போன வருடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்.

புதிதில்லை. முப்பத்தைந்து வயதுக் கிழம். இரண்டே சீட். உட்கார வேண்டுமென்றால் உள்ளே இறங்க வேண்டும், இறங்க வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும். முன்விளக்குகள் மூடி திறந்து எழுந்திருக்கிற வகை. ஒன்று சட்டென்று எழும், மற்றது கொட்டாவி விட்டுக்கொண்டே எழும். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர், சொந்த வண்டிக்கு ஒரு கண் சோம்பேறி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இதே வண்டியின் படத்தை வெட்டிப் புத்தக அட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தாராம். அதை அவர் சொன்னபோது முகத்தில் வந்த அந்தக் குழந்தைச் சிரிப்பைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. நாற்பத்தெட்டு வயதில் எதற்கு இந்த வெட்டிப் பந்தா?

அந்த வண்டியில் உட்கார்ந்தால் சாது காணாமல் போய்விடுவார். வாழ்நாள் முழுக்கத் தொண்டைக்குள் அமுக்கி வைத்திருந்ததையெல்லாம் ஆக்ஸிலேட்டரில் இறக்குவார். கியரை மாற்றுவது கன்னத்தில் அறைகிற மாதிரி இருக்கும். "இந்த வண்டிய மெதுவா ஓட்டினா அதுக்கு அவமானம், அண்ணா" என்பார். அவமானம் என்ற சொல்லை அவர் வாயால் கேட்க எனக்குச் சிரிப்பு வரும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கோளாறோடு வந்த வண்டி எதுவும் கோளாறோடு என் வாசலைத் தாண்டிப் போனதில்லை. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை, உண்மைக்கு என்ன கூச்சம்?

எட்டு மாதம் முன்பு சகலை வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, மேலே ஏறி இறங்கி, கைக்குட்டையால் முகம் துடைத்தார்.

"அண்ணா, ஒரு சின்னத் தயக்கம்."

"உங்களுக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்குத்தான். ரெண்டாவதுலேர்ந்து மூணாவதுக்கு மாத்திட்டு மிதிச்சா, அரை செகண்ட் எஞ்சின் செத்துப்போகுது. அப்புறம் ஒரு உதை உதைச்சுக் கிளம்புது. சில சமயம் ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்குப் போகும்போதும் வருது."

"வெச்சுட்டுப் போங்க. சாயங்காலம் வாங்க."

சாயங்காலம் என்று நான் சொன்னதை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. காற்று போகிற குழாயெல்லாம் கழற்றிக் கழுவினேன். ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு சுற்று போனேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. கொடுத்து அனுப்பினேன். மறுநாள் சகலை தொலைபேசியில் தொண்டையைச் செருமினார். "அண்ணா, இன்னும் வருது." ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்று எஞ்சினுக்குச் சொல்கிற சென்சாரை மாற்றினேன். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகளை மாற்றினேன், கியர் மாற்றும்போது எஞ்சின் ஆடினால் வயர் இழுபடும் என்று. தனியாக ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய்தான். கொடுத்து அனுப்பினேன். "அண்ணா, இன்னும்..." நான் மாற்றிய ஒவ்வொன்றுக்கும் பிறகு அவர் கொழுந்தியாளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு சுற்று போவார். "இப்ப நல்லாயிருக்கா, முன்னாடி நல்லாயிருந்துச்சா?" அவள் "பரவாயில்ல" என்பாள். அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார். இருபத்தாறு வருடம் எஞ்சினைக் கரைத்துக் குடித்தவனுக்கு, கார்புரேட்டர் எது, கத்தரிக்காய் எது என்று தெரியாதவளின் சான்றிதழ்!

ஒருகட்டத்தில் பாகங்கள் மேல் சந்தேகம் வந்தது. இப்போது வருகிற சரக்கு எல்லாமே குப்பை. எங்கே, என் வேனில் பக்கத்து சீட்டின் காலடியில் போட்டிருக்கிற ரப்பர் மேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இது மூன்றாவது. முதல் இரண்டும் இரண்டிரண்டு இடத்தில் தேய்ந்து ஓட்டையாகிவிட்டன. ஓட்டுகிறவன் பக்கம் தேய்ந்தால் நியாயம், அங்கே வேலை நடக்கிறது. என் வீட்டுக்காரி சும்மா உட்கார்ந்து நூலகத்துக்குப் போய்வருகிற பக்கம் தேய்கிறதென்றால் அது ரப்பரா, காகிதமா? கடைக்காரனிடம் மேட்டைக் கொண்டுபோய்க் காட்டி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இதற்கிடையில் ஒரு நாள், பெரிய சந்திப்பில், சிக்னல் மாறுவதற்குள் தாண்டிவிடலாம் என்று சகலை மிதித்திருக்கிறார். வண்டி நட்ட நடுவில் செத்து, அரை வினாடி கழித்துக் கிளம்பியிருக்கிறது. எதிரே வந்த பேருந்து ஒரு முழம் தள்ளி நின்றதாம். பக்கத்து சீட்டில் கொழுந்தியாள். அன்று சாயங்காலம் பட்டறைக்கு வந்த சகலையின் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணா, இந்த மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா வித்துடறேன். ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். இனிமே இத வெச்சுக்கிட்டு ஒருத்தர் உயிரோட விளையாட முடியாது." சொல்லிவிட்டு வண்டியின் கூரையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். அந்தப் பள்ளிக்கூடத்துப் படம் எனக்கு ஞாபகம் வந்தது. இரக்கம் வந்ததா என்றால், வரவில்லை. என் வாசலைத் தாண்டி ஒரு வண்டி கோளாறோடு விற்பனைக்குப் போகப்போகிறதே என்ற ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில். அதற்கு முன்னால், "நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்" என்றேன். அந்தச் சீட் டாஷ்போர்டோடு ஒட்டிக் கிடந்தது. கொழுந்தியாள் குள்ளம், அவளுக்கு ஏற்றபடி வைத்தது. கடைசி வரை பின்னே தள்ளிவிட்டு என் உடம்பைத் திணித்தேன். சகலை ஓட்டினார். எமன் கூப்பிடுகிற மாதிரி ஓட்டினார். இரண்டு, மூன்று, நான்கு, மறுபடி மூன்று. ஒரு தயக்கமும் இல்லை. பத்து தடவை மாற்றச் சொன்னேன், இல்லை. அவர் முகம் தொங்கிவிட்டது.

"ஒருவேளை ரெண்டு பேர் எடைக்குத்தான் வருதோன்னு நினைச்சேன், அண்ணா."

"நான் ஒருத்தனே ரெண்டு கொழுந்தியா எடை, சகலை. இன்னும் எத்தன பேரை ஏத்தணும்?"

சாப்பாட்டு மேஜையில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "வண்டியில ஒண்ணுமே இல்ல. எட்டு மாசமா இல்லாத நோய்க்கு வைத்தியம் பாத்திருக்கேன். கோளாறு ஓட்டுறவர் கால்ல இருக்கு, இல்லேன்னா மண்டையில இருக்கு. கியர் மாத்தும்போது இவரே பயந்து கால எடுக்கறார். எடுத்தது இவருக்கே தெரியல. பாவம், இந்த வண்டிக்கு ஆம்பளை கால் வேணும்" என்றேன். நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. சகலை தட்டைப் பார்த்துக்கொண்டே, "இருக்கலாம்" என்றார். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கொழுந்தியாள் எழுந்து தண்ணீர் எடுக்க உள்ளே போனவள் நெடுநேரம் வரவில்லை.

புதன்கிழமை காலை சகலை வந்தார். வண்டிச் சாவியையும் ஒரு நீளமான நோட்டையும் என் மேஜைமேல் வைத்தார்.

"நான் பொய் சொல்லல, அண்ணா. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். படிச்சுப் பாருங்க." பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

நோட்டைப் பிரித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். தேதி, நேரம், எந்தக் கியரிலிருந்து எந்தக் கியர், வெயிலா மழையா, தயங்கியதா இல்லையா. கடைசிக் கட்டத்தின் தலைப்பைப் படித்ததும் வாய்விட்டே சிரித்துவிட்டேன்: "மனைவியின் கருத்து". அதன் கீழே வரிசையாக, குண்டு குண்டான கையெழுத்தில், பரவாயில்லை, பரவாயில்லை, பரவாயில்லை. கிறுக்குப் பிடித்தவன்கூட இப்படி எழுத மாட்டான்.

மறுநாள், வியாழக்கிழமை, டீ குடித்துக்கொண்டே அதே நோட்டைப் புரட்டினேன், இன்னொரு தடவை சிரிக்கலாமே என்று. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சகலை தனியாகக் கடைக்குப் போய்வந்த நாட்களையும் எழுதியிருந்தார். அந்த வரிகளில் தயக்கம் "இல்லை". கடைசிக் கட்டம் காலி. கருத்துச் சொல்ல மனைவி கூட இல்லையல்லவா? தயக்கம் "உண்டு" என்று எழுதிய நாற்பத்தொரு வரியிலும் கடைசிக் கட்டத்தில் பரவாயில்லை இருந்தது. ஒன்றுகூட விடுபடவில்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு வரியாக எழுதி, இரண்டு பேர் எடை என்பது வரைக்கும் வந்தவருக்கு, அந்த இரண்டாவது ஆள் எப்போதும் அவள்தான் என்று தெரியவில்லை. இதே மனிதர்தான் ஊருக்குக் கண் பார்க்கிறார்.

டீ டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தால் பட்டறை வாசலில் கொழுந்தியாளே நிற்கிறாள். தனியாக வந்திருந்தாள். அவள் என் பட்டறைக்குத் தனியாக வந்தது அதுதான் முதல் தடவை.

"மாமா, ஒரு உதவி கேக்கணும்."

"சொல்லும்மா."

"அந்த வண்டிய சரி பண்ண முடியாதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

எனக்கு எங்கோ போய் அடித்தது. "என்ன சொல்ற? முடியாதுன்னு நானா? என் வாயாலயா?"

"ஒரு தடவைதான் மாமா. மாசக் கடைசிக்கு நாலு நாள்தான் இருக்கு. அவர் வித்துடுவார்."

"உனக்கு ஏன் அது மேல இவ்வளவு கோபம்?"

"கோபமெல்லாம் இல்ல. பிடிக்கல, அவ்வளவுதான்." கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னாள்.

வேறொருவனாக இருந்தால் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருப்பான். எனக்கோ அந்த நேரத்தில் மண்டை முழுக்கக் கடைசிக் கட்டம்தான். "அதெல்லாம் அப்புறம் பேசலாம். நீ முதல்ல வண்டியில ஏறு" என்றேன்.

"நானா? எதுக்கு?"

"ஏறும்மா. பத்து நிமிஷ வேலை."

ஏறினாள். சீட்டை முன்னே இழுத்துக்கொண்டாள். பட்டறைக்குப் பின்னால் கிடங்குகளை ஒட்டி நேரான சாலை ஒன்று உண்டு. மதியத்தில் ஈ காக்கை இருக்காது. சகலை ஓட்டுகிற மாதிரியே ஓட்டினேன். அதாவது, அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இரண்டாவது கியரில் எஞ்சினை அலறவிட்டு, மூன்றாவதுக்குத் தட்டி, மிதித்தேன். எஞ்சின் அரை வினாடி செத்தது. பிறகு உதைத்துக் கிளம்பியது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "மாட்டிக்கிட்டியா!" என்று கத்தினேன். திருப்பினேன். மறுபடி. செத்தது. மறுபடி. செத்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எஞ்சின் சுற்று காட்டும் முள்ளையே பார்த்தேன். பதினொரு தடவை அந்தச் சாலையில் மேலும் கீழும் போனேன். பதினொரு தடவையும் முள்ளைத்தான் பார்த்தேன். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவள் எதற்காக வண்டியில் இருக்கிறாளோ அதைக்கூட மறந்துவிட்டேன்.

பன்னிரண்டாவது தடவை, இது எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டே கியர்க் கம்பியில் கையை வைத்தபோது, கீழே ஏதோ நகர்ந்தது கடைக்கண்ணில் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். இரண்டு பாதமும் முன்னால் சாய்வாக ஏறும் தரையில் ஊன்றியிருந்தன. நான் கியர்க் கம்பியைத் தொட்டதும் அந்தப் பாதங்கள் தரையை உதைத்து அழுத்தின. விரல்கள் ரத்தம் செத்து வெளுத்திருந்தன. ஒரு கை கதவுப் பிடியில், இன்னொரு கை சீட்டின் விளிம்பில். கண் இறுக மூடியிருந்தது.

ஓரமாக நிறுத்தினேன்.

"பயமா இருக்காம்மா?"

கண்ணைத் திறந்தாள். "முடிஞ்சுதா மாமா?"

"பயமா இருக்கான்னு கேட்டேன்."

"ஏறினதிலேர்ந்து இறங்கற வரைக்கும் இருக்கும். வாங்கின நாள்லேர்ந்து." அவள் அழவில்லை. விலைப்பட்டியல் படிப்பதுபோலச் சொன்னாள். "ஒரு தடவை அவர்கிட்ட சொன்னேன். எனக்கு ஓட்டத் தெரியாதுங்கறியான்னு கேட்டார். ரெண்டு நாள் பேசல. வாழ்க்கையில அவர் சத்தம் போட்டுச் சிரிக்கறது அந்த வண்டியில மட்டும்தான் மாமா. அதையும் கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன். அப்புறம் வண்டியே தயங்க ஆரம்பிச்சுது. சாமி, இப்படியே இருக்கட்டும், வித்துடுவார்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் காலடியில் இருந்த விரிப்பைத் தூக்கினேன். கீழே ஓர் இரும்புத் தகடு. தகட்டுக்கு அடியில் எஞ்சினுக்கு உத்தரவு போடுகிற மின்பெட்டி. இந்த வண்டியில் அதை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். தகட்டைப் பிடிக்கிற நாலு நட்டில் இரண்டு இல்லை. எந்தப் புண்ணியவான் எப்போது கழற்றினானோ. கட்டைவிரலால் தகட்டை அழுத்தினேன். வளைந்துபோய்ப் பெட்டியின் பிளக்கை இடித்தது. பிளக்கில் ஒரு பின் தளர்ந்திருந்தது. அழுத்தினால் தொடர்பு அறும், விட்டால் சேரும். இவ்வளவுதான். சகலையின் கை கியருக்குப் போகும், இவள் கால் தகட்டுக்குப் போகும், எஞ்சின் சாகும். பிரேக் போடும்போதும் அழுத்தத்தான் செய்வாள், ஆனால் அப்போது எஞ்சினிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, அதனால் தெரியவில்லை. நான் தனியாக ஓட்டினால் தகட்டை மிதிக்க ஆளில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தபோது சீட்டைப் பின்னே தள்ளிவிட்டேன், என் கால் அங்கே எட்டவே இல்லை.

விளக்கிச் சொன்னேன். அவள் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான்தான் தயங்க வெச்சேனா?"

"ஆமாம்மா."

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

"ம்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, பட்டறை வரை நடந்தே வருகிறேன் என்று இறங்கிவிட்டாள்.

சகலையைச் சும்மா விடுவேனா? அன்று சாயங்காலமே கடையைப் பூட்டிவிட்டு வரச் சொன்னேன். நட்டு போடாமல் அப்படியே வைத்திருந்தேன். அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன். சீட்டைக் கொழுந்தியாள் அளவுக்கு முன்னே இழுத்தேன். "வாய திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அதே சாலையில், ஞாயிற்றுக்கிழமை அவர் எப்படி ஓட்டினாரோ அப்படியே ஓட்டினேன். இரண்டாவது கியர் கதறியபோதே அவர் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. மூன்றாவதுக்குத் தட்டினேன். எஞ்சின் செத்தது.

"வருது! வருது அண்ணா!" என்று துள்ளினார்.

"கீழ பாருங்க."

பார்த்தார். அவருடைய பாலிஷ் போட்ட ஷூ இரண்டும் தகட்டை உதைத்துக்கொண்டு நின்றன. வண்டியை நிறுத்தி, விரிப்பைத் தூக்கி, தகட்டைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

நோட்டை எடுத்து அவர் மடியில் போட்டேன். "எட்டு மாசத்துல அவ எத்தன தடவை பயந்தான்னு கணக்கா எழுதி வெச்சிருக்கீங்க. தேதி, நேரம், வெயிலா மழையா, எல்லாம் இருக்கு. நாப்பத்தொரு தடவை. பக்கத்துலயே பரவாயில்லன்னும் எழுதியிருக்கீங்க."

புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக, விரலை வைத்து, கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில், "வீட்டுக்குப் போய் அவள்கிட்ட கேக்கறேன்" என்றார்.

"கேக்காதீங்க, சகலை. பத்தொம்பது வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க. காலப் பாருங்க."

எவ்வளவு அழகாகச் சொன்னேன்! சொல்லும்போதே எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அந்த மனிதர் மூக்கு உடைந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பத்தொன்பது வருடம் காத்திருந்தவன் நான். நட்டு இரண்டைப் போட்டு இறுக்கி, பின்னைச் சரி செய்து, சாவியைக் கொடுத்தேன். என் வாசலைத் தாண்டி வண்டி கோளாறில்லாமல் போனது.

சகலை அதை விற்கவில்லை. வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். தனியாகப் போகும்போது பழையபடி பறக்கிறார். கொழுந்தியாள் ஏறினால் மட்டும் வண்டி கல்யாண ஊர்வலம் மாதிரி நகர்கிறது. பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போகிறான். சகலை நிமிடத்துக்கு ஒரு தடவை குனிந்து அவள் காலைப் பார்க்கிறாராம். அதுவும் ஆபத்துதான் என்று யார் இவருக்குச் சொல்வது? அவமானம் அவமானம் என்றாரே, அந்த வண்டிக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

இந்தக் கதையை என் மனைவிக்குச் சொல்ல எனக்கு நேரமே கிடைக்கவில்லை. திங்கட்கிழமை காலை அவளை நூலகத்தில் விடப் போகும்போதுதான் ஆரம்பித்தேன். வேனில் நாங்கள் இரண்டு பேர்தான். மூச்சுவிடாமல் சொன்னேன். நோட்டில் கட்டம் போட்டது, கருத்துக் கட்டம், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தது, எல்லாம். நடித்தும் காட்டினேன். "ஒரே வீட்டுல இருக்கான், பக்கத்துலயே உக்காந்திருக்கா, அவ பயப்படறது எட்டு மாசமாத் தெரியல. இவனெல்லாம் ஒரு மனுஷன்!" என்று சொல்லிக்கொண்டே, முன்னால் போன லாரியைத் தாண்ட கியரை மாற்றி மிதித்தேன்.

கீழே ரப்பர் கிறீச்சிட்டது. தினமும் கேட்கிற சத்தம். எத்தனையோ வருடமாகக் கேட்கிற சத்தம்.

லாரிக்குப் பின்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, நின்றேன். குனிந்து பார்த்தேன். அவளுடைய இரண்டு குதிகாலும் ரப்பர் மேட்டில் ஊன்றியிருந்தன. வைத்த இடத்திலேயே வைத்து வைத்து, மூன்றாவது மேட்டிலும் அந்த இரண்டு குழியும் பாதி ஆழத்துக்கு இறங்கியிருந்தன. மேட் கடைக்காரனை நான் கேட்ட நாலு கேள்வியும் ஒவ்வொன்றாகக் காதில் கேட்டன. எனக்கு வெட்கமாக இருந்தது. என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றாள்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

அவள் மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு எண்ணத் தெரியாதுங்க. தங்கச்சி வீட்டுக்காரர், அவராவது எழுதி வெச்சிருந்தார்."

நூலகத்துக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. கியர்க் கம்பியைத் தொட எனக்குக் கை வரவில்லை.